கொலைகாரனுக்குத் தம்பியின் சட்டை

படக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் அழுக்கக்கா. அதற்காக அவளை அழுக்கான ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் தலையணை உறையில் ஒரு பொட்டுக் கறை பட்டாலும் பொறுக்கமாட்டாள். கடையிலிருந்து மடிப்புக் கலையாமல் வருகிற புதுச் சட்டையை, பல வருஷம் உழைத்துத் தேய்ந்த சட்டையாக ஒரே பகலில் மாற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இவளுக்குக் கசக்கிக் கந்தையாக்குவதற்குச் சம்பளம்.

கம்பெனியின் பின்பக்கத்தில் நீளமான ஓர் அறை. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் கொடிக்கயிறு, நடுவில் கறை பிடித்த பெரிய மேஜை. காலரை உப்புத்தாளால் தேய்ப்பாள். முழங்கைக்குக் கம்பி பிரஷ், கக்கத்துக்கு டீத் தண்ணீர். ஈரச் சட்டையின் பையில் கூழாங்கல்லைப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால், காய்வதற்குள் பை வாயைப் பிளந்துகொண்டு தொங்கிப்போகும். பட்டறைக்காரன் அழுக்கு வேறு, வண்டி ஓட்டுகிறவன் அழுக்கு வேறு, வேலை கிடைக்காமல் சுற்றுகிறவன் அழுக்கு வேறு என்பாள். புதிதாக வருகிற உதவி டைரக்டர்களுக்கு இதைக் கேட்டு வாய் பிளப்பதே முதல் நாள் பாடம்.

அவள் புருஷன் அதே கம்பெனியில் வேன் ஓட்டினவன். ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பட்டன் தைக்கிற வேலைக்கென்று உள்ளே வந்தவள், தலை நரைத்த பிறகும் அங்கேயே இருக்கிறாள். கூடப் பிறந்த தம்பி அவளோடுதான் இருந்தான். குழாய் வேலை செய்கிறவன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் எனக்கு மாசச் சம்பளம் வரட்டும், அப்புறம் மாப்பிள்ளை ஆகிறேன் என்பான். போன் வந்தால் வேலை, வராவிட்டால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கை. ஊரெல்லாம் மாடி ஏறி இறங்கியதில் ஒரு முழங்கால் தேய்ந்து, படியைக் கண்டாலே பல்லைக் கடிக்கிற நிலைமைக்கு வந்திருந்தான்.

இந்தச் சமயத்தில்தான், அவன் பல வருஷமாகப் போய்வந்துகொண்டிருந்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நிரந்தர பிளம்பர் வேலை இருக்கிறது என்றார்கள். மாசச் சம்பளம், அலைச்சல் கிடையாது, லிப்ட் உண்டு. குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரியாக இருந்த அம்மா, உன்னைவிட்டால் எங்களுக்கு வேறு யார் என்று அவனிடமே சொல்லியிருந்தாள். கமிட்டி கூடித் தலையாட்டவேண்டியது ஒன்றுதான் பாக்கி. அக்காவும் தம்பியும் அந்த வேலை கையில் விழுந்தாயிற்று என்றே பேசிக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் கம்பெனியில் ஒரு கொலைப் படம் ஆரம்பித்தது. டைரக்டர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற இளைஞர். ஏழைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்வார். கதையில் வீடு வீடாகக் குழாய் ரிப்பேருக்குப் போகிற ஒருவன், பணக்கார வீடுகளில் தனியாக இருப்பவர்களைத் தீர்த்துக்கட்டுகிறான். அவனுக்குச் சட்டை வேண்டும். அழுக்கக்கா ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டைகளைத் தேய்த்துக் கொண்டுபோய் நீட்டினாள். டைரக்டர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அழுக்கு இருக்குக்கா. ஆள் இல்ல.”

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், கொடியில் தம்பியின் சட்டை காய்வதைப் பார்த்தாள். ஒரு காலத்தில் பழுப்புச் சட்டை. இப்போது அதற்கு நிறம் என்று எதையும் சொல்ல முடியாது. கருவிப் பை மாட்டி மாட்டி வலது தோள் நைந்திருந்தது. குழாய் ஒட்டுகிற பசையை விரலிலிருந்து துடைத்துத் துடைத்து இடது கைமடிப்பு பலகையாக இறுகியிருந்தது. கிழிந்த சட்டைப்பையை அவளே வேறு நிற நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படத் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. புதுசைக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கிக்கொள்வார்கள். அவள் தெருவில் பாதிப் பேர் அப்படிப் புதுத்துணி வாங்கியவர்கள்தான். தம்பிக்கும் ஒரு புதுச் சட்டை கிடைத்தது. கிழிஞ்சதுக்குக் கிராக்கி வந்துடுச்சே, சொல்லியிருந்தா இன்னும் நாலு கிழிச்சு வெச்சிருப்பேனே என்று சிரித்தான்.

மறுநாள் டைரக்டர் சட்டையைக் கையில் வாங்கியதுமே கண் மலர்ந்தார்.

“இதான்க்கா. இவன் லிப்ட்ல ஏறினாலே பக்கத்துல நிக்கிறவன் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பான்.”

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பேச்சு தன் தம்பியைப் பற்றித்தான் என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. பாராட்டு வந்தால் நமக்கெல்லாம் முதலில் அடைத்துப்போவது காதுதானே!

அதோடு விட்டாளா? கொலைகாரனாக நடிக்க வந்தவர் பெரிய வீட்டுப் பிள்ளை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர். அவருக்கு இவள்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். செருப்பை எப்படிக் கழற்றி ஓரமாக வைப்பது, கை துடைக்கிற துணியைப் பின்பையில் எப்படிச் செருகுவது, எல்லாம். தம்பிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெல் அடித்துவிட்டுக் கதவிலிருந்து இரண்டு அடி பின்னால் போய்த் தலையைக் குனிந்து நிற்பான். கதவில் இருக்கிற துளை வழியாகப் பார்க்கிறவர்களுக்கு ஆள் முழுசாகத் தெரியவேண்டும், அவர்கள் முகத்தை நாம் முறைத்துப் பார்க்கக்கூடாது, அது மரியாதை என்பான். அதையும் சொன்னாள். டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டு, இதைத்தான் ராத்திரி பகலாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

ரத்தம் தெறிக்கும் முன், தெறித்த பின், காய்ந்த பின், கிழிந்த பின் என்று ஒரே சட்டைக்குப் பல நகல் வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் பசைக்கறை முதல் தையல் வரை அச்சாக இறக்கினாள். அதே படத்தில் இன்னொரு கெட்டவனும் உண்டு. கட்டடம் கட்டி விற்கிற கனவான். கொலைகாரனை ஏவிவிடுகிறவனே அவன்தான். அவனுக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு வந்தது. இதை எவ்வளவு பழசாக்கவேண்டும், எங்கே கறை வேண்டும் என்று கேட்டாள். உதவி டைரக்டர் சிரித்துவிட்டு, அவர் கெட்டவர் என்பது கடைசியில்தான் தெரியவேண்டும், அதுவரை நல்லவராகத் தெரியவேண்டும், இஸ்திரி மட்டும் போடுங்கள் என்றான். பிளம்பர் கெட்டவன் என்பது பார்த்தவுடனே தெரியவேண்டும், கனவான் கெட்டவன் என்பது கடைசிவரை தெரியக்கூடாது. கதைக்கு அப்படித் தேவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இஸ்திரி போட்டாள். ஆனாலும் பெட்டியை அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நேரம் அதிகமாகவே தேய்த்தாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கதவுத் துளை வழியாக ஒருவன் தெரிகிறான். தலை குனிந்திருக்கிறது. அசையாமல் நிற்கிறான். திடீரென்று சங்கீதம் அடங்கிப்போகிறது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சட்டையின் ஒவ்வொரு நூலும் அவள் கை பட்டது. உள்ளே இருப்பவர் நறுக்கி டப்பாவில் வந்த பழத்தைத் தவிர வேறு பழம் தின்னாத நடிகர். இவ்வளவும் தெரிந்தும் அவள் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்துப் பயந்து தம்பியையே பிடித்துக்கொண்டது என்ன கூத்து என்று அப்புறம் நினைத்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. வெளியே வரும்போது முன்பின் தெரியாதவர்களிடம், அது என் சட்டைங்க என்றான். கம்பெனியில் கேட்டு ஒரு சட்டையைத் திரும்ப வாங்கித் தா என்று பிடிவாதம் பிடித்தான். அவளும் வாங்கிக் கொடுத்தாள். எது அசல், எது நகல் என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. எடுத்து வந்ததில் கைமடிப்பில் லேசாக ஒரு ரோஸ் நிறம். படத்து ரத்தம் எத்தனை அலசியும் முழுதாகப் போகவில்லை. தம்பி அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனான். போன வீட்டிலெல்லாம், படம் பாத்தீங்களா, இதான் அது என்று காட்டினான். துளை வழியாகப் பார்க்கிறபோது கொலைகாரன் எப்படி நிற்பான் என்று நின்றும் காட்டினானாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

முதலில் ஒரு வீட்டில், இன்று வேண்டாம், இன்னொரு நாள் வா என்றார்கள். இன்னொரு வீட்டில் பெல்லுக்குப் பதிலே இல்லை. ஆனால் துளைக்குப் பின்னால் வெளிச்சம் மறைந்ததை அவன் பார்த்தான். வேறொரு வீட்டில் அவன் குழாய் மாற்றி முடிக்கும்வரை போனில் யாரோடோ உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவன் அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பெனி கொடுத்த புதுச் சட்டையில் போய்ப் பார்த்தான். அதிலும் இதற்குள் பசைக்கறை ஏறிவிட்டிருந்தது. தோளில் பை, தேய்ந்த முழங்காலால் விந்தி நடக்கிற நடை எல்லாம் அப்படியே இருந்தன. போன் மெல்ல மெல்ல அடங்கிப்போயிற்று.

ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டான்.

“நான் இப்படித்தான் முன்னாடியும் நின்னேன். அப்ப நல்லவனா இருந்தேன். இப்ப என்னக்கா ஆச்சு?”

தப்பு யார் மேல் என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. சட்டை கொடுத்தது அவள். பீற்றிக்கொண்டது அவன். படம் எடுத்தது டைரக்டர். டைரக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவர் உண்மையிலேயே மனம் நொந்துவிட்டார். அவனுக்காகத்தான்க்கா படமே எடுத்தேன், சின்ன வயசில் அவன் பசியோடு நிற்கிற காட்சியில் எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா, அவனை அப்படி ஆக்கியது இந்தச் சமுதாயம் என்றுதானே சொல்லியிருக்கிறேன் என்றார். அவள் ஆமாம் சார் என்றாள். போனை வைத்த பிறகுதான், ‘அப்படி ஆக்கியது’ என்றால் எப்படி ஆக்கியது, என் தம்பி எப்படியும் ஆகவில்லையே என்று தோன்றியது. மறுபடி கூப்பிட்டு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கமிட்டி கூடுகிற நாள் நெருங்கியது. அவளே அந்தக் குடியிருப்புக்குப் போனாள். லிப்டில் ஒருவர் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டாள். இதே மாதிரிக் கோட்டுக்கு நம் கையால் இஸ்திரி போட்டோமே, படத்தில் அத்தனை கொலைக்கும் காரணம் அந்தக் கோட்டுக்காரன்தானே, இவரைப் பார்த்து எனக்கு ஏன் பயமே வரவில்லை என்று யோசிப்பதற்குள் மாடி வந்துவிட்டது.

செக்ரட்டரி அம்மா பொல்லாதவள் அல்ல. உட்காரச் சொல்லி, நல்ல கோப்பையில் டீ கொடுத்தாள். அழுக்கக்கா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சங்கடப்பட்டது.

“எனக்கு அவனைத் தெரியாதாம்மா? எத்தனை வருஷமா வர்றான். அந்தச் சின்னப் பையன் பசியில நிக்கிற இடத்துல நான் அழுதுட்டேன்.”

“அது அவன் இல்லம்மா. அது நடிகர்.”

“அதான் சொல்றேன். எனக்குத் தெரியுது. ஆனா பெல் அடிச்சதும் துளை வழியாப் பார்த்தா, அதே மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். கை தாழ்ப்பாள்கிட்ட போகமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

அவள் கேட்டதில் கள்ளம் இல்லை. நிஜமாகவே வழி தெரியாமல்தான் கேட்டாள். அழுக்கக்காவும் தியேட்டரில் தான் பயந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டதை நினைத்தபடி டீயைக் குடித்தாள். தம்பிக்காகச் சண்டை போட வந்தவள், எதிராளியின் பக்கமே நியாயம் இருப்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் செக்ரட்டரி அம்மாவே ஒரு யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் எல்லோரும் இங்கே இருப்பார்கள். அவன் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரட்டும். பின்னால் தள்ளி நிற்காமல், நம்மைப்போல் கதவுக்கு நேரே நிற்கட்டும். ஒரு தடவை பார்த்துவிட்டால் எல்லோருக்கும் பயம் தெளிந்துவிடும், வேலையும் முடிவாகிவிடும்.

இது நம் கைவேலைதானே என்று அக்கா தெம்பாகத் திரும்பினாள். கம்பெனித் துணி அறையில் கம்பிக்குக் கம்பி அட்டை தொங்கும்: ரவுடி, திருடன், டிரைவர், வேலைக்காரி, போலீஸ், டாக்டர், பணக்கார வீடு. எந்தச் சட்டைக்கு எந்தக் கம்பி என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடியவள். அன்று ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். குழாயைச் சரிபண்ணிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒரு மனுஷனுக்கு அங்கே கம்பி இல்லை. ஏழையாக வருகிற கதாநாயகனின் சட்டைகள் இருந்தன. அவை கிழிசலிலும் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவை, போட்டால் தம்பிக்குக் கூத்தாடி வேஷமாகிவிடும். இடைவேளைக்கு முன் செத்துப்போகிற நல்ல ஏழைகளின் சட்டைகளும் இருந்தன. அவற்றைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

வேறு வழியில்லாமல் ‘பணக்கார வீடு’ கம்பியிலிருந்து அடக்கமான ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்தாள். இரண்டு நாளில் திரும்ப வைக்கிறேன் என்று சொல்லிவிட்டே எடுத்தாள். தோளைப் பிடித்து, கையை ஏற்றி, விறைப்பாக இஸ்திரி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது அவளுக்குக் கண் கலங்கியது. ஆள் பாதி, ஆடை பாதி என்பது சும்மாவா என்றாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே, இந்தக் கோலத்தில் குழாய்க்கு அடியில் படுக்க முடியாதேக்கா என்றான். இன்னைக்கு ஒரு நாள் படுக்காதடா என்று சொல்லி அனுப்பினாள்.

போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டான். பையை மூலையில் வைத்தான். தண்ணீர் குடித்தான். அப்புறம்தான் சொன்னான். வாசல் காவல்காரர் சலாம் வைத்து முன்பக்க லிப்டைத் திறந்துவிட்டாராம். பெல் அடித்துக் கதவை ஒட்டி நிமிர்ந்து நின்றானாம். செக்ரட்டரி அம்மா சட்டென்று கதவைத் திறந்து, சிரித்த முகமாக, யார் வேணும் உங்களுக்கு என்று கேட்டாளாம். நான்தாம்மா என்றதும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

“அப்புறம் ஒருத்தர் எந்திரிச்சு வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். துணி நல்லாயிருக்கே, எங்க எடுத்தேன்னார். அக்கா குடுத்தாங்கன்னேன். அக்காவுக்கு எங்க கிடைச்சுதுன்னார்.”

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

“யாரும் அதட்டலக்கா. நல்ல விதமாத்தான் பேசினாங்க. பையைக் கொஞ்சம் திறந்து காட்டேன், சும்மாதான்னாங்க. காட்டினேன். ஸ்பானரு, பசை டப்பா எல்லாத்தையும் எடுத்து வெச்சேன். பார்த்துட்டு, சரி போ, சொல்லி அனுப்புறோம்னாங்க.”

சொல்லி அனுப்பமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது. அவன் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கம்பெனிச் சொத்து என்று பயந்து, அவள் போட்ட மடிப்பு கலையாமல் மடித்து அவள் மடியில் வைத்தான். வெறும் பனியனோடு அவள் எதிரில் நின்றான். கோபமாக இருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் குழந்தைபோல் விளங்காமல்தான் நின்றான்.

“நாளைக்கு ஒரு புது வீட்ல குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டிருக்காங்க. எதைப் போட்டுட்டுப் போகட்டும்?”

யாருக்கு எந்தச் சட்டை என்று சொல்லியே வயிறு வளர்த்தவள், அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“தெரியலடா” என்றாள்.